கிளே பார்: கழுவியும் போகாத அழுக்கை எடுப்பது எப்படி?



குழுவாகச் சேர்ந்து வாட்டர் சர்வீஸ் தொழில் செய்யும் உறுப்பினர்களுக்கு ஒரு சந்தேகம் வருவது உண்டு. "ஷாம்பு போட்டு நல்லாத்தான் கழுவுறோம். காரும் பளிச்சுன்னு தெரியுது. ஆனா கையை வச்சுத் தடவினா சொரசொரன்னு இருக்கே, ஏன்?" இதற்குத் தீர்வுதான் கிளே பார். ஆனால் முறை தெரியாமல் தேய்த்தால் அடுத்தவர் காரில் கீறல் விழும். ஒரு கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடித்துக் கொடுக்க நேர்ந்தால், பல நாள் கூலி அதிலேயே போய்விடும். கடன் வாங்கி ஆரம்பித்த தொழிலில் அந்த நஷ்டத்தைத் தாங்க முடியுமா? எனவே பொறுமையாகப் படியுங்கள்.

சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது?

தூசியும் சேறும் பெயிண்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். தண்ணீர் பட்டால் போய்விடும். ஆனால் பிரேக் தேயும்போது பறக்கும் இரும்புத் தூள், வெல்டிங் பட்டறைப் பொறி, மரப்பிசின், பக்கத்தில் கேட்டுக்கு அடித்த பெயிண்டின் தெறிப்பு போன்றவை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இரும்புத் தூள் ஈரம் பட்டுத் துருப்பிடித்து, வெள்ளை நிறக் காரில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். எத்தனை முறை கழுவினாலும் இது போகாது.

கிளே பார் என்றால் என்ன?

பெயரைப் பார்த்து ஏரிக் களிமண் என்று நினைத்துவிடாதீர்கள். களிமண்ணில் மணல் இருக்கும். தேய்த்தால் பெயிண்ட் கெட்டுவிடும். கிளே பார் என்பது செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய தேய்ப்புத் தூள் கலந்து செய்த கட்டி. பிசைந்த சப்பாத்தி மாவு போல வளையும். ஜப்பானில் உருவான இந்தப் பொருளுக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. ஃபைன், மீடியம், ஹெவி என்று தரம் உண்டு. புதிதாகப் பழகுபவர்கள் ஃபைன் மட்டும் வாங்குங்கள்.

முதலில் கைப்பரிசோதனை

காரைக் கழுவித் துடைத்தபின், சட்டை மடித்து வரும் மெல்லிய பாலித்தீன் கவருக்குள் கையை விட்டு, பெயிண்ட் மேல் லேசாகத் தடவுங்கள். சொரசொரப்பு நன்றாகத் தெரியும். வழவழவென்று இருந்தால் அந்த இடத்துக்குக் கிளே பார் தேவையில்லை.

செய்முறை

1. காரை நிழலில் நிறுத்துங்கள். பெயிண்ட் தொட்டால் சூடில்லாமல் இருக்க வேண்டும்.

2. கார் ஷாம்பு போட்டு முழுவதும் கழுவுங்கள். மணல் ஒரு பொடி கூட இருக்கக் கூடாது. தேங்காய் நார், துணி சோப்புத் தூள் வேண்டாம்.

3. கட்டியில் ஒரு துண்டு கிள்ளி எடுத்து, விரல்களுக்கு அடியில் அடங்கும் அளவு தட்டையாக்குங்கள்.

4. இரண்டடிக்கு இரண்டடி இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளே பாருக்கான வழுக்கு திரவத்தைத் தாராளமாகத் தெளியுங்கள். கார் ஷாம்பு கலந்த தண்ணீரும் பயன்படும். காயக் காய மறுபடி தெளியுங்கள்.

5. அழுத்தாமல், நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். முதலில் இழுக்கிற மாதிரி இருக்கும், சத்தமும் கேட்கும். அழுக்கு வந்தபின் வழுக்கிக்கொண்டு போகும். அதோடு நிறுத்துங்கள்.

6. சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, கையால் தடவிப் பாருங்கள்.

7. துண்டில் அழுக்கு தெரிந்ததும் மடித்துப் பிசைந்து, சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள்.

8. எல்லாம் முடிந்தபின் வேக்ஸ் போடுங்கள். கிளே பார் அழுக்கோடு பழைய வேக்ஸையும் எடுத்துவிடும். வேக்ஸ் போடாமல் விட்டால் பெயிண்டுக்குப் பாதுகாப்பு இல்லை.

இவற்றை மறக்காதீர்கள்

துண்டு கீழே விழுந்தால் தூக்கிப் போடுங்கள். "இவ்வளவு விலை கொடுத்து வாங்கினோமே, கழுவிட்டு யூஸ் பண்ணலாமே" என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். அதில் ஒட்டிய மணல் அரம் போலக் கீறும். பெயிண்டின் மேலிருக்கும் கிளியர் கோட் என்ற காப்புப் பூச்சு தலைமுடியை விட மெல்லியது. அதனால்தான் முழுக் கட்டியையும் எடுக்காமல் துண்டு துண்டாகப் பயன்படுத்தச் சொல்கிறோம்.

கறுப்புக் காரில் லேசான கோடு கூடப் பளிச்சென்று தெரியும். கண்ணுக்குப் படாத ஓரத்தில் முதலில் செய்து பாருங்கள். பளபளப்பில்லாத மேட் பெயிண்டிலும், புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டியிலும் கை வைக்காதீர்கள்.

கீறல், வெளுத்த நிறம், பறவை எச்சம் அரித்த தழும்பு இவையெல்லாம் கிளே பாரால் போகாது. போர் தண்ணீரின் உப்புக் கறையும் ஆழமாகப் பிடித்திருந்தால் முழுதாகப் போகாது. செய்ய முடியாததை "செஞ்சு தர்றோம்" என்று வாடிக்கையாளரிடம் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காருக்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறை போதும்.

கணக்கும் கவனமும்

வண்டியை வாங்கும்போதே உரிமையாளரை வைத்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களை நோட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கைபேசியில் போட்டோவும் எடுத்து வையுங்கள். பின்னால் வாக்குவாதம் வராது.

ஒரு கட்டி எத்தனை காருக்கு வந்தது, எத்தனை மணி நேரம் ஆனது, வேக்ஸ் எவ்வளவு செலவானது என்று எழுதி வாருங்கள். கூலி எவ்வளவு கேட்கலாம் என்பதை அந்த நோட்டே சொல்லும். சாதாரணக் கழுவலின் விலைக்கே இதையும் செய்து கொடுத்தால் உங்கள் உழைப்புதான் வீண்.

இதை அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் வாசித்துக் காட்டுங்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு கார் கதவு வாங்கி, எல்லோரும் மாற்றி மாற்றிப் பழகுங்கள். கை பழகியபின் வாடிக்கையாளர் காரைத் தொடலாம்.