நகையும் மடனும்: ‘சதுரங்க வேட்டை’ காட்டும் ஏமாற்றுக்கலை

தமிழ்த் திரைப்படத்தில் ஏமாற்றுக்காரன் நெடுங்காலமாக நகைச்சுவைப் பாத்திரமாகவே வாழ்ந்து வந்துள்ளான். சித்ராலயா கோபுவின் ‘காசேதான் கடவுளடா’வில் (1972) தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியாராகச் செல்வர் வீட்டினுள் நுழைகிறார். கே. பாலசந்தரின் ‘தில்லு முல்லு’வில் (1981) வேலையைக் காத்துக்கொள்ள விரும்பும் இளைஞன் இல்லாத தம்பியொருவனை உண்டாக்குகிறான். இவற்றில் ஏமாற்று, உறவும் அறிமுகமும் உடையோரின் வட்டத்துக்குள் நிகழ்ந்து அங்கேயே தீர்ந்துவிடுகிறது. எனவே பார்வையாளர் மனக்கூச்சமின்றிச் சிரிக்க இயல்கிறது.

எச். வினோத்தின் முதற்படமான ‘சதுரங்க வேட்டை’ (2014) இவ்வட்டத்தை உடைக்கிறது. நட்டி நடராஜ் ஏற்று நடித்த காந்தி பாபு, முன்பின் அறியாதோரின் பணத்தைக் கவர்பவன். நஞ்சற்ற மண்ணுளிப் பாம்புக்குக் கோடிக்கணக்கில் விலை உண்டென்று ஒரு செட்டியாரை நம்பவைக்கிறான். ஆள்சேர்ப்பு வணிகக் கூட்டம் நடத்துகிறான். பின்னர், அரிசியை ஈர்க்கும் ஆற்றலுடையதாகச் சொல்லப்படும் கலசத்தை விலைபேசும் மோசடியிலும் அவன் ஈடுபட நேர்கிறது. இவை கற்பனைக்கு மட்டும் உரியன அல்ல. 2012இல் பெருந்துறையின் ஈமு கோழி நிறுவனம் வீழ்ந்தபோது முதலிட்டோர் தெருவில் நின்றதைத் தமிழகம் கண்டிருந்தது.

அவனது பேச்சின் அமைப்பு நம் கவனத்துக்குரியது. அவன் பணம் கேட்பவனாகத் தோன்றுவதில்லை, வாய்ப்பளிப்பவனாகவே தோன்றுகிறான். தயங்குபவர் தம் நல்வாழ்வைத் தாமே தடுப்பவர் என்ற எண்ணம் கேட்போர் நெஞ்சில் விதைக்கப்படுகிறது. மேடைத்தமிழின் அடுக்குத்தொடரும் வினாத்தொடரும் அவனுக்கு எளிதில் கைவருகின்றன. பேச்சுப் போட்டிக்கு மாணவரைப் பயிற்றும் நமக்கு இது சற்றே சங்கடம் தருவதாகும்.

தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுவார். பேதைமை அறிவின்மை. மடனுக்கோ, பிறர் கொளுத்தியதைக் கொண்டு விடாதிருத்தல் என்னும் பொருளை உரைமரபு தருகிறது. இவ்வேறுபாட்டை வகுப்பில் விளக்க நாம் பலகாலம் இடர்ப்பட்டதுண்டு. இப்படம் அதனை எளிதாக்கியது. காந்தி பாபுவிடம் சிக்குவோர் அறிவிலிகள் அல்லர். கணக்கறிந்தோர், கடை நடத்துவோர், படித்தோர். ஒருமுறை பற்றிக்கொண்ட சொல்லை விடமாட்டாதவர்கள். இப்படத்தின் நகை பெரிதும் மடனின்பாற் பட்டது என்பதே நம் துணிபு. பேதைமை என்று கொண்டால் ஏமாந்தோரை இகழ்ந்துவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாம்; மடன் என்று கொண்டால் அவ்வாறு தப்பிக்க வழியில்லை.

மலேசியருக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. 1980களில் தைப்பிங்கில் ‘பாக் மான் தெலோ’ திட்டம் பரவியது. கூம்புமுறைத் திட்டங்களைத் தடுக்கும் சட்டம் 1993இல் இயற்றப்பட்டது. ஆயினும் பினாங்கிலிருந்து இயங்கி, மாதம் 20 விழுக்காடு ஆதாயம் தருவதாகச் சொன்ன ஜேஜேபிடிஆர் என்னும் திட்டம் 2017இல் சரிந்தது. கணினி ஊடுருவலால் பணம் பறிபோனதென்று அப்போது காரணம் கூறப்பட்டது. அப்பெயர், சாமானியரை மீட்டல் எனப் பொருள்படும் சீனத் தொடரின் சுருக்கமாகும். ஏமாற்றுக்காரனுக்குக் காந்தி என்று பெயரிட்ட இயக்குநரின் எள்ளல் இங்கு நினைக்கத்தக்கது.

ஜோர்ஜ்டவுனில் தமிழாசிரியர் சிலருடன் இப்படத்தைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பாம்புக் காட்சியில் அறை அதிர்ந்தது. ஆள்சேர்ப்புக் கூட்டம் வந்ததும் சிரிப்பு மெல்லக் குறைந்தது. “இந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், சார். கை தட்டியும் இருக்கிறேன்,” என்றார் ஓய்வுபெறும் நிலையிலிருந்த ஆசிரியை ஒருவர். தம் தங்கையையும் அவரே சேர்த்துவிட்டாராம். அதன்பின் தீபாவளிக்குக்கூட அவ்வீட்டுக்குப் போவதில்லை என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை.

அவருடைய கேள்விக்குப் படத்திலும் மறுமொழியில்லை. பிற்பகுதியில் காந்தி பாபு காதலால் திருந்துகிறான். பறிகொடுத்தோர் கதையினின்று மறைந்துவிடுகின்றனர். இதனை இப்படத்தின் பெருங்குறை என்றே கருதுகிறோம். இல்ப், பெத்ரோவ் இருவரின் ‘பன்னிரண்டு நாற்காலிகள்’ (1928) புதினத்தையும், அதனைத் தழுவி லியோனித் கைதாய் எடுத்த சோவியத் நகைச்சுவைப் படத்தையும் (1971) இங்கு ஒப்பிடலாம். அங்கே ஓஸ்தாப் பெந்தர் என்னும் எத்தன் தேடியலையும் வைரங்கள், அவன் அறியுமுன்பே தொழிலாளர் மன்றக் கட்டடமாக மாறிவிட்டிருக்கும். பணம் எங்கே போயிற்று என்ற வினாவைக் கதை தட்டிக்கழிப்பதில்லை.

இடைநிலைப்பள்ளி மாணவருக்கு முழுப்படத்தையும் காட்ட வேண்டுவதில்லை. அக்கூட்டக் காட்சி ஒன்றே போதும். முதலில் ஒலியுடன் காட்டலாம். பின்னர் ஒலியை நிறுத்தி, கேட்போரின் முகங்களை மட்டும் பார்த்து, எந்த இடத்தில் அவர்கள் நம்பத் தொடங்கினர் என்று எழுதச் சொல்லலாம்.