புதிய வீட்டில் மின்சாரம்: அறுபது யுனிற்றின் கணக்கு

பல ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின் சொந்தக் காணிக்கோ, வேறு கிராமத்தில் கிடைத்த புதிய வீட்டுக்கோ செல்லும் குடும்பம் முதலில் கிணற்றையும் கூரையையும் பார்க்கின்றது. அடுத்ததாக "கரண்ட் எப்போது கிடைக்கும்?" என்று கேட்கின்றது. "எந்தக் கட்டண முறையில் கிடைக்கும்?" என்ற கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலரே. முதல் இரண்டு மூன்று பட்டியல்கள் வந்த பின்னர்தான் அந்தக் கேள்வி பிறக்கின்றது. அதற்குள் நிலுவை ஏறிவிடுகின்றது. நிலுவை ஏறினால் சிவப்பு அறிவித்தல் வரும். அதன் பின் இணைப்புத் துண்டிக்கப்படும்.

எமது மக்களில் பலர் மின்சாரமின்றி வாழப் பழகியவர்கள். 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கில் படித்தார்கள். போர் முடிந்து, 2013இல்தான் குடாநாடு மீண்டும் தேசிய மின் வலையமைப்புடன் இணைக்கப்பட்டது. ஆகவே மின் பட்டியலை வாசிக்கும் பழக்கம் பல குடும்பங்களுக்குப் புதிது. அதை இங்கு எளிய கணக்காக விளக்க முயல்வோம்.

யுனிற் என்றால் என்ன?

ஆயிரம் வாற்று சக்தியுள்ள ஒரு கருவி ஒரு மணித்தியாலம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஒரு யுனிற். 100 வாற்றுக் கருவி 10 மணித்தியாலம் இயங்கினாலும் அதே ஒரு யுனிற்தான். ஒவ்வொரு கருவியிலும் அதன் வாற்று அளவு எழுதப்பட்டிருக்கும். அதை இயங்கும் மணித்தியாலங்களால் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் யுனிற் கிடைக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு இது. பிள்ளைகளைக் கொண்டே செய்வியுங்கள்.

படிமுறைக் கட்டணம்

இலங்கையில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை இல்லை. குறைவாகப் பாவிப்பவருக்குக் குறைந்த விலையும் கூடுதலாகப் பாவிப்பவருக்குக் கூடிய விலையும் விதிக்கப்படுகின்றன. இதனுடன் மாதந்தோறும் ஒரு நிலையான கட்டணமும் உண்டு. அதுவும் பாவனை கூடக் கூட உயரும். இந்தக் கட்டணங்களை அங்கீகரிப்பது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு.

விளக்கத்துக்காக 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கட்டணத்தை எடுப்போம். மாதம் 60 யுனிற்றுக்கு மேற்படாத வீட்டுக்கு முதல் 30 யுனிற்றும் 6 ரூபா வீதம், அடுத்த 30 யுனிற்றும் 9 ரூபா வீதம். நிலையான கட்டணம் 30 யுனிற் வரை 100 ரூபா, 60 யுனிற் வரை 250 ரூபா. 60ஐத் தாண்டிய வீட்டுக்கோ முதல் யுனிற்றிலிருந்தே கணக்கு மாறிவிடும். முதல் 60 யுனிற்றும் 15 ரூபா வீதம், அதற்கு மேல் 90 வரை 18 ரூபா வீதம், நிலையான கட்டணம் 400 ரூபா.

வரியைச் சேர்க்காமல் கூட்டிப் பார்ப்போம்.

30 யுனிற்: 280 ரூபா.
31 யுனிற்: 439 ரூபா.
60 யுனிற்: 700 ரூபா.
61 யுனிற்: 1,318 ரூபா.

கடைசி இரண்டு வரிகளையும் மீண்டும் வாசியுங்கள். அறுபதுக்கு மேல் போன அந்த ஒரு யுனிற்றின் விலை 618 ரூபா. "போன மாதம் பாவித்ததைப் போலத்தான் பாவித்தோம், பட்டியல் இரட்டிப்பாக வந்திருக்கிறது, மீற்றர் பிழை" என்று முறையிடுவோர் பலர். மீற்றர் பழுதாவதும் உண்டு. ஆனால் அறுபது என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறார்களா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இந்த விலைகள் நிலையானவை அல்ல. 2025 ஜனவரியில் குறைந்தன, அதே ஆண்டு ஜூனில் கூடின. எனினும் அந்த மாற்றங்களில் 30, 60 என்னும் எல்லைகள் மாறவில்லை. ஆகவே இன்றைய விலையை உங்கள் பட்டியலில் பார்த்து, மேலே காட்டிய முறைப்படி நீங்களே கணக்கிடலாம்.

நாளுக்கு இரண்டு யுனிற்

மாதக் கணக்கை மனதில் வைத்திருப்பது கடினம். நாளுக்கு இரண்டு யுனிற் என்று வைத்துக்கொண்டால் 30 நாளில் 60 ஆகும். ஒரு சிறு குடும்பத்தின் பாவனையை எடுத்துக்கொள்வோம். 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் நான்கு, ஐந்து மணித்தியாலம்: 0.18 யுனிற். 75 வாற்று மின்விசிறி ஒன்று, எட்டு மணித்தியாலம்: 0.6 யுனிற். 60 வாற்றுத் தொலைக்காட்சி, நான்கு மணித்தியாலம்: 0.24 யுனிற். மொத்தம் நாளுக்கு 1.02 யுனிற், மாதத்துக்கு ஏறக்குறைய 31.

இந்தக் குடும்பம் ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி வாங்குகின்றது என்று வைப்போம். அது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு யுனிற் எடுத்தால் மாதக் கணக்கு 61ஐத் தொடும். பெட்டியை வாங்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதை வாங்கும்போது வேறு ஒன்றில் சிறிது குறைக்க வேண்டும் என்பதே கருத்து. தொலைக்காட்சியை ஒரு மணித்தியாலம் முன்னதாக நிறுத்தினாலே 60க்குள் நிற்கலாம். பழைய 60 வாற்றுக் குமிழ்கள் நான்கு எரியும் வீட்டில் குமிழுக்கு மாத்திரம் மாதம் 36 யுனிற் போகும். எல்.ஈ.டி. குமிழுக்கு மாறினால் அதே வெளிச்சத்துக்கு ஆறு யுனிற்றும் தேவைப்படாது.

ஒரு மீற்றரில் இரண்டு குடும்பங்கள்

இடம்பெயர்ந்தோர் மத்தியில் இது சாதாரணம். மகளின் குடும்பம் அதே வளவில் தனிக் கொட்டில் போட்டு, தாயின் வீட்டு மீற்றரிலிருந்து வயர் இழுத்துக்கொள்ளும். அன்பினால் செய்வதுதான். ஆனால் கணக்குப் பாருங்கள். குடும்பத்துக்கு 45 யுனிற்றாக இரண்டும் சேர்ந்து 90 பாவித்தால், மேற்சொன்ன கட்டணத்தில் 1,840 ரூபா. தனித்தனி மீற்றரில் ஆளுக்கு 565, இரண்டும் சேர்ந்து 1,130 ரூபா. மாதம் 710 ரூபா வீணாகின்றது. வருடத்தில் அது 8,520 ரூபா.

புதிய இணைப்புக்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. அந்தச் செலவை மாத மிச்சத்தால் பிரித்துப் பார்த்தால், எத்தனை மாதத்தில் அது மீளும் என்பது தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து வேலி மேலால் வயர் இழுப்பது சட்டத்துக்கும் மாறானது, உயிருக்கும் ஆபத்தானது. மாரியில் நனைந்த கிளுவை வேலியும் மின்சாரத்தைக் கடத்தும்.

தோட்டமும் மோட்டரும்

ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் இறைத்தால் ஏறக்குறைய ஒரு யுனிற். வீட்டுத் தொட்டியை நிரப்ப நாளுக்குக் கால் மணித்தியாலம் போதும். ஆனால் வெங்காயத்துக்கு நாளுக்கு மூன்று மணித்தியாலம் இறைத்தால் மாதம் 90 யுனிற் தோட்டத்துக்கு மாத்திரம் போகும். அது வீட்டு மீற்றரில் ஓடினால், வீட்டில் எரியும் குமிழுக்கும் கூடிய விலையே விழும். தோட்டத்து மோட்டருக்குத் தனி இணைப்புப் பெற முடியுமா, அது எந்தப் பாவனையாளர் வகையில் சேரும் என்பதை மின்சார அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே மோட்டரைப் பூட்டுங்கள். அதேபோல் வீட்டு முன்றலில் கடை, அரைக்கும் ஆலை, தையலகம் தொடங்க எண்ணுவோரும் முன்கூட்டியே கேட்க வேண்டும். வியாபாரத்துக்கு வேறு கட்டண வகை உண்டு.

நேரத்துக்கேற்ற கட்டணம்

சிலர் "இரவில் மலிவான கரண்ட் இருக்கிறதாமே?" என்று கேட்கிறார்கள். அப்படி ஒரு விருப்பத் தெரிவு உண்டு. அதில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை குறைவு. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை மிக அதிகம். பெரும்பாலும் மூன்று கட்ட இணைப்புள்ள, அதிகம் பாவிக்கும் வீடுகளுக்கே இது பொருந்தும். எமது குடும்பங்கள் விளக்கேற்றிச் சமைப்பதும் பிள்ளைகள் படிப்பதும் அந்த விலை கூடிய நான்கு மணித்தியாலத்தில்தான். குறைவாகப் பாவிப்பவருக்குக் கிடைக்கும் சலுகை விலையும் இதில் இல்லை. சிறு குடும்பத்துக்குப் படிமுறைக் கட்டணமே ஏற்றது.

குடிபுகும் நாளில் செய்ய வேண்டியவை

1. வீட்டில் ஏற்கனவே மீற்றர் இருந்தால் அன்றைய வாசிப்பைக் குறித்து, கிராம அலுவலரையோ அயலவர் ஒருவரையோ சாட்சியாகக் கையொப்பமிடச் செய்யுங்கள்.

2. பழைய நிலுவை உண்டா என்பதைக் கணக்கு இலக்கத்துடன் அலுவலகத்தில் விசாரியுங்கள். முன்பு இருந்தவரின் கடனைத் தெரியாமல் ஏற்க வேண்டாம்.

3. கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இறந்த கணவரின் அல்லது வெளிநாடு சென்ற உறவினரின் பெயரில் கணக்கு இருந்தால் பின்னர் முறையிடுவது சிரமம்.

4. காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையில் இல்லாதோர் மனந்தளர வேண்டாம். வதிவிடத்தை உறுதிப்படுத்த எந்த ஆவணங்கள் ஏற்கப்படும் என்று அலுவலகத்தில் கேட்டு, கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் நாடுங்கள்.

5. வயறிங் வேலையைத் தகுதியுள்ளவரிடம் மாத்திரம் கொடுங்கள். மின்னொழுக்கு ஏற்பட்டால் தானே விழும் 'ட்ரிப் சுவிச்' கட்டாயம் இருக்க வேண்டும்.

6. ஒரு கொப்பியில் வாரத்துக்கு ஒருமுறை மீற்றரை எழுதுங்கள். வாரத்தில் 14 யுனிற்றுக்கு மேல் ஓடியிருந்தால் அந்த வாரமே கவனியுங்கள்.

பட்டியலில் பிழை கண்டால் இந்தக் கொப்பியே உங்கள் சாட்சி. முதலில் மின்சார அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிட்டுப் பிரதி வைத்திருங்கள். தீர்வு கிடைக்காவிடில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையின் பணிகளைப் பல கம்பனிகளிடம் பிரித்துக் கொடுக்க வழிசெய்தது. அலுவலகத்தின் பெயர்ப்பலகை மாறினாலும் பாவனையாளரின் முறையிடும் உரிமை மாறாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டணத்தை மாற்ற முன் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கின்றது. அங்கே பெரிய நிறுவனங்களின் குரல் கேட்கும். மீள்குடியேறிய விவசாயியின் குரலும் கேட்க வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கூடி, பத்துக் குடும்பங்களின் பட்டியல்களை ஒன்றாக வைத்து ஒரு கடிதம் எழுதினால் அதற்குப் பெறுமதி உண்டு. சிறியோருக்குச் சலுகை கொடுப்பது தருமம் அல்ல, நீதி. அந்த நீதி நிலைக்க வேண்டுமானால், அதனால் பயன்பெறுவோர் அதன் கணக்கை அறிந்திருக்க வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்துக்குச் செல்லும்போது உங்கள் கடைசி மூன்று பட்டியல்களையும் எடுத்துச் செல்லுங்கள்.