பூ ஜாடியின் அடியைப் பாருங்க!

எங்க ஓசூரில் ரோஜாவுக்குப் பஞ்சமே இல்லை. அதை வைக்க அழகான கண்ணாடி ஜாடி வேணும்னு ஆசைப்படும் பெண்களுக்கும் பஞ்சமில்லை. எங்க தெருவில் நாங்க நாலைந்து பேர், வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போனதும் செல்போனில் ஆன்லைன் ஏலம் பார்த்து ஜாடி சேர்க்கிறோம். தையல், டியூஷன் என்று சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. அது வீணாகப் போகலாமா தோழிகளே?

ஈபேயின் இந்தியத் தளம் 2018லேயே மூடியாச்சு. வெளிநாட்டு ஏலத்தில் கேட்டால், ஜாடி விலையோடு அனுப்பும் கூலி, சுங்க வரி எல்லாம் சேரும். சில சமயம் ஜாடியைவிடக் கூலியே அதிகம்! முதலில் மொத்தக் கணக்கை நோட்டில் எழுதி, 'இதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது' என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கடைசி நிமிஷப் போட்டியில் கை நம் பேச்சைக் கேட்காது.

அடுத்தது, 'முரானோ' என்ற பெயர். இத்தாலியில் வெனிஸ் நகரத்துப் பக்கத்தில் உள்ள தீவு அது. தீ விபத்துக்குப் பயந்து, 1291ல் வெனிஸின் கண்ணாடி உலைகளை அங்கே மாற்றினார்களாம். பேர் பெரிசு, அதனால் போலியும் ஏராளம். ஸ்டிக்கரை யார் வேணும்னாலும் ஒட்டலாமே! ஜாடியின் அடிப்பக்கப் படத்தைக் கேளுங்கள். ஊதிச் செய்ததில், கம்பியிலிருந்து பிரித்த வடுவோ, அதைத் தேய்த்து வழவழப்பாக்கிய தடமோ பெரும்பாலும் இருக்கும். அச்சில் செய்ததில் பக்கவாட்டில் மெல்லிய கோடு ஓடும். விளிம்பில் சில்லு, விரிசல் உண்டா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு விஷயம். அடியில் வடு இருந்தால் கைவேலை என்று நினைக்கலாம். முரானோ என்று சொல்லிவிட முடியாது. கைவேலை நம்ம நாட்டிலும் உண்டே! உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் வளையலுக்கு மட்டுமா பேர்போனது? பூ ஜாடியும் அங்கே ஊதிச் செய்கிறார்கள். தாஜ்மகாலைப் புகையிலிருந்து காக்க 1996ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்ன பிறகு, நிலக்கரி உலைகளை விட்டு எரிவாயுவுக்கு மாறியவர்கள் அவர்கள். அங்கிருந்து வாங்கினால் சுங்க வரியும் இல்லை.

ஜாடி வந்ததும் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். சுடுதண்ணீர் ஊற்றாதீங்க, விரிசல் விடும். போர் தண்ணீரின் வெள்ளைக் கறைக்கு வினிகர் போதும்.

"கண்ணாடிக்கா இவ்வளவு காசு?" என்பார் எங்க வீட்டுக்காரர். "அனல் முன்னால் நின்னு ஊதினவங்க மூச்சுக்குங்க" என்பேன். நீங்க என்ன சொல்றீங்க தோழிகளே?

- ஒரு வாசகி, ஓசூர்