மார்கழி மழைக்கு முன்

மாத்தளை மாவட்டத்து உக்குவளையில் வடகீழ்ப் பருவமழை வலுப்பது டிசம்பரில். கூடவே வரும் குளிர் லயன் வீட்டுச் சிமெந்துத் தரையில் இறங்கியதும் அதை முதலில் அறிவது பாட்டியின் முழங்கால்தான்.

கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகளை வெயில் இருக்கும்போதே அடைத்துவிடுவது நல்லது. வீட்டின் பின்பக்கத்துக் கானில் மண் அடைந்திருக்கும். அதை வெட்டிவிட வேண்டும். பாசி பிடித்த வாசற்படியையும் தேய்த்துக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் அங்கே வழுக்கி விழுந்தால் இடுப்பு முறியலாம். தலைமாட்டில் ஒரு டோர்ச் இருக்கட்டும்.

கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக் குளிர்காய்வது ஆபத்து. அதன் நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

2025 நவம்பரில் டித்வா புயல் மாத்தளை மாவட்டத்தையும் மண்சரிவால் உலுக்கியது. அதனால் அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, மருந்து மூன்றையும் ஒரே பொலித்தீன் பையில் போட்டுக் கதவருகே மாட்டிவையுங்கள். சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை வந்தால் முதியவரோடு உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.