முதலில் சம்ப்பைப் பாருங்கள்

"ஸ்கிம்மர் வேலை செய்யலே" என்று யார் கூப்பிட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சம்ப்பில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? தஞ்சோங் டாவாயிலும் சுங்கைப்பட்டாணியிலும் வீடுகளில் கடல்மீன் தொட்டி வைத்துக் கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். கோளாறு பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே மாட்டிக்கொள்ளும்.

சம்ப் என்பது கண்ணாடித் தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள் மறைந்திருக்கும் இன்னொரு தொட்டி. மேலிருந்து வழியும் நீர் அதில் இறங்கிச் சுத்தமாகி, மோட்டார் வழியே மேலே திரும்பும். ஸ்கிம்மர் அதற்குள் நிற்கிற குழல். நீரோடு காற்றையும் இழுத்துப் பொடிக் குமிழிகளாக அடிக்கும். மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து கரைந்த புரதம் குமிழிமேல் ஒட்டிக்கொண்டு ஏறி, கழுத்தில் நுரையாகக் குவிந்து, கோப்பையில் கரும்பச்சைச் சாறாக விழும். நாற்றம் குடலைப் பிடுங்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொன்னவுடன் புரியும்: பால் ஸ்டோரில் ரப்பர் பாலின் மேல் திரளும் நுரையை வழித்தெடுப்பார்களே, அந்த வேலைதான். உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் பொடியாகவே நிற்கும். அதனால்தான் இந்தக் கருவி நன்னீர்த் தொட்டியில் அவ்வளவாக எடுபடுவதில்லை.

ஸ்கிம்மருக்கு உள்ளே போன நீர் வெளிக்குழாய் வழியாகச் சம்ப்புக்கே வடிய வேண்டும். சம்ப்பில் மட்டம் ஏறினால் வடிகிற நீருக்கு எதிர்ப்பு கூடி, ஸ்கிம்மருக்குள்ளும் நீர் கழுத்துவரை ஏறிவிடும். நுரை காய நேரமில்லாமல் வெளிறிய தேநீர் நிறத்தில் கோப்பை நிரம்பும். அழுக்கு கொஞ்சம், உப்புத் தண்ணீர் நிறைய. மட்டம் இறங்கினாலோ நுரை பாதிக் கழுத்திலேயே உடைந்து விழும், கோப்பை காய்ந்து கிடக்கும். எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பது பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். யாரும் படிப்பதில்லை.

தஞ்சோங் டாவாயில் ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் தினமும் காலையில் ஸ்கிம்மரின் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். "மோட்டார் செத்துப்போச்சு போல தம்பி, புதுசு வாங்கிடவா?" என்றார். அளவுகோலை விட்டுப் பார்த்தால் தண்ணீர் 14 சென்டிமீட்டர். பெட்டியில் போட்டிருந்ததோ 20. "மோட்டார் நல்லாத்தான் இருக்குங்கய்யா, தண்ணிதான் ஆவியாகிப் போயிருக்கு" என்றேன். ஜனவரி, பிப்ரவரியில் கெடாவில் மழை குறைவு. அவர் தொட்டிக்கு மேல் மின்விசிறி வேறு. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே நன்னீர்தான் ஊற்றி ஈடுகட்ட வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. (வாசலிலேயே கடல் இருக்கிறதே என்று சிலர் வாளியைத் தூக்குவார்கள். மெர்போக் ஆறு கலக்கிற முகத்துவாரம் இது. சேறும் உண்டு, உப்பும் ஓதத்துக்கு ஓதம் மாறும்.)

அவருடைய சம்ப்பில் தடுப்பே கிடையாது, ஒரே பெட்டி. அதில் எவ்வளவு ஆவியானாலும் ஸ்கிம்மரின் மட்டமும் சேர்ந்தே இறங்கும். கண்ணாடித் தடுப்பு வைத்த சம்ப்பில் நீர் தடுப்பைத் தாண்டி வழிவதால் ஸ்கிம்மர் அறையில் மட்டம் மாறாது. மேலேற்றும் மோட்டார் இருக்கும் கடைசி அறையில்தான் குறையும். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் மற்ற செலவைச் சுருக்கியாவது இந்தத் தடுப்பைப் போட்டுவிடுங்கள். அறை ஆழமாகிப்போனால் ஸ்கிம்மருக்கு அடியில் அக்ரிலிக் மேடை வைத்து உயர்த்தலாம்.

இடிமழையில் கரண்ட் போவது வேறு தொல்லை. மேல்தொட்டி நீரில் ஒரு பகுதி சம்ப்புக்கு இறங்கிவிடும். கரண்ட் திரும்பியதும் ஸ்கிம்மர் அந்த வெள்ளத்தில் நின்றபடி ஓடத் தொடங்கி, கோப்பை பொங்கித் தரையெல்லாம் நனையும். சம்ப்பில் எப்போதும் காலி இடம் விட்டுவையுங்கள். மேலே ஏறும் குழாயில், தொட்டி நீர்மட்டத்தை ஒட்டிச் சிறு துளை போட்டால் நீர் பின்னோக்கி இழுபடுவது சீக்கிரம் அறுபடும்.

மட்டம் சரியான பிறகுதான் வால்வு. ஒரு திருகு, பிறகு ஒரு நாள் பொறுமை. ஜெட்டியில் வாங்கிய பச்சை நெத்திலியை நறுக்கிப் போட்ட அன்று நுரை படுத்துவிட்டால் பதற வேண்டாம். மீன் எண்ணெய் நுரையை உடைக்கும். வால்வைத் தொடாமல் விடுங்கள், சில மணி நேரத்தில் தானே எழும்பும்.