பதக்க அரசியல் – 9: சிறுநீரில் சிக்காத நாடு

போன வாரம் பென் ஜான்சனைப் பார்த்தோம். 1988 சியோலில் நூறு மீட்டரை 9.79 விநாடியில் ஓடி, மூன்றே நாளில் சோதனையில் மாட்டி, தங்கத்தைப் பறிகொடுத்தவர். அதே சியோலில் 37 தங்கத்தோடு அமெரிக்காவையே பின்னுக்குத் தள்ளி இரண்டாம் இடம் பிடித்த நாடு ஒன்று இருந்தது. மக்கள்தொகை ஒரு கோடியே எழுபது லட்சம்கூட இல்லை. அதன் வீரர்களில் ஒருவர்கூட அங்கே சோதனையில் மாட்டவில்லை. கிழக்கு ஜெர்மனி.

1976 மான்ட்ரியல் நீச்சல் குளத்துக்குப் போவோம். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, மியூனிக்கில், கிழக்கு ஜெர்மனிப் பெண்கள் நீச்சலில் ஒரு தங்கம்கூட வாங்கவில்லை. மான்ட்ரியலில் பெண்களுக்கான 13 போட்டிகளில் 11 தங்கம் அவர்களுக்கு. பதினேழு வயது கோர்னேலியா எண்டருக்கு மட்டும் நான்கு. அவற்றில் இரண்டு ஒரே மாலையில், அரை மணி நேர இடைவெளிக்குள். அமெரிக்காவின் ஷெர்லி பாபஷாஃப் 200, 400, 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் மூன்றிலும் வெள்ளியோடு நிற்க வேண்டியதாயிற்று. மூன்றிலும் அவரை முந்தியது கிழக்கு ஜெர்மனிக்காரர்கள்தான். அவர்களுடைய கட்டைக் குரலையும் தோளின் அகலத்தையும் சுட்டிக்காட்டி, இதில் ஏதோ மருந்து விவகாரம் இருக்கிறது என்று பாபஷாஃப் வெளிப்படையாகவே சொன்னார். தோற்ற வயிற்றெரிச்சல் என்றார்கள். அவருடைய நாட்டுப் பத்திரிகைகளே ‘சிடுமூஞ்சி ஷெர்லி’ என்று பெயர் வைத்தன.

நிபுணர்களிடம் வேறு விளக்கங்கள் இருந்தன. 1973 பெல்கிரேடு உலகப் போட்டியில் இந்தப் பெண்கள் தோலோடு ஒட்டிய மெல்லிய நீச்சலுடையில் வந்து குளத்தைக் கலக்கியபோது, வேகம் உடையில் இருக்கிறது என்று நம்பி மற்ற நாடுகளும் அதேபோல் தைத்துக்கொண்டன. பயிற்சி முறை அபாரம் என்றும் எழுதினார்கள். அந்த இரண்டாவது விளக்கம் பொய் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

1969-ல் கிழக்கு ஜெர்மனி ஒரு கணக்குப் போட்டது. கூடைப்பந்துக்குப் பன்னிரண்டு பேரை வருடக்கணக்கில் வளர்த்தாலும் பட்டியலில் ஏறுவது ஒரே பதக்கம். ஒரு நீச்சல்காரியோ தனியாளாக நான்கைந்து கொண்டுவருவாள். எனவே கூடைப்பந்து, வாட்டர்போலோ போன்றவற்றுக்குப் பெரிய பணம் நிறுத்தப்பட்டது. நீச்சல், தடகளம், படகுப் போட்டி என்று பதக்கம் கொட்டுகிற துறைகளுக்கு அது திருப்பிவிடப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் உயரம், எடை, ஓட்டவேகம் எல்லாம் நாடு முழுக்க ஒரே முறையில் அளக்கப்பட்டன. தேறிய பிள்ளைகள் விடுதியோடு கூடிய விளையாட்டுப் பள்ளிகளுக்குப் போனார்கள். லைப்சிக் நகரில் ஆராய்ச்சி நிறுவனம். நீச்சல்காரர் ஒரே இடத்தில் இருக்க, எதிரே தண்ணீர் ஓடுகிற ஓடை. கை எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்று பார்க்கக் கேமரா. பெர்லினுக்குக் கிழக்கே கீன்பாமில், மலைமேல் இருக்கும் காற்றழுத்தத்தில் பயிற்சி எடுக்க நிலத்துக்கடியில் ஓர் அறையே கட்டினார்கள். ஒவ்வொரு ஒலிம்பிக்குக்குப் பிறகும் நம்மூர்த் தலையங்கங்கள் ‘நமக்கும் ஒரு திட்டம் வேண்டும்’ என்று கேட்கும். அந்தத் திட்டம் முழுமையாக எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் இங்கே பார்க்கலாம், கடைசிப் பக்கம் வரைக்கும்.

கடைசிப் பக்கம் 1974 அக்டோபரில் எழுதப்பட்டது. அரசுத் திட்டப் பொருள் 14.25. அதுவரை அங்கங்கே நடந்துகொண்டிருந்த மருந்துக் கொடுப்பு அன்றிலிருந்து மேலிடத்தின் ஒப்புதலும் ஒதுக்கீடும் பெற்ற அரசாங்க வேலையாயிற்று. காகிதத்தில் அதற்கு ‘துணை வழிமுறைகள்’ என்று பெயர். யேனாஃபார்ம் என்ற அரசு மருந்துக் கம்பெனியின் ஓரல் டூரினபோல் மாத்திரை. டெஸ்டோஸ்டிரோனைக் கொஞ்சம் மாற்றிச் செய்த ஸ்டீராய்டு. நீல நிறம். வைட்டமின் என்று சொல்லிக் கையில் கொடுத்தார்கள். பெண்கள் பக்கம் பதக்கம் குவிந்ததற்கு உடலியல் காரணம் உண்டு: இயல்பில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவாக உள்ள உடலில் அதே மாத்திரை பலமடங்கு வேலை செய்யும். வயது குறையக் குறைய விளைவு இன்னும் தூக்கல். ஆகவே பதின்வயதுச் சிறுமிகளுக்குக் கொடுத்தார்கள். குரல் உடையும், கல்லீரல் கெடும், மாதவிடாய் தாறுமாறாகும் என்பதெல்லாம் அந்த மருத்துவர்களுக்குத் தெரியும். ரகசிய அறிக்கைகளில் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மொத்தத்தில் சுமார் 10,000 பேர் இதற்குள் இழுக்கப்பட்டதாகக் கணக்கு.

அப்படியானால் ஏன் மாட்டவில்லை? ஒரு தடவை மாட்டினார்கள். 1977 ஹெல்சிங்கியில் குண்டு எறியும் இலோனா ஸ்லுபியானெக் சோதனையில் சிக்கி ஓராண்டுத் தடை பெற்றார். தடை முடிந்த கையோடு ஐரோப்பிய சாம்பியன், 1980-ல் ஒலிம்பிக் தங்கம். அதிகாரிகள் கற்றுக்கொண்ட பாடம் மருந்தை நிறுத்துவது அல்ல. அதற்குப் பிறகு, வெளிநாடு போகும் முன் வீரர்களின் சிறுநீர் டிரெஸ்டன் அருகே கிரைஷாவில் இருந்த ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது. மருந்தின் தடம் இருந்தால் விமானம் ஏற்ற மாட்டார்கள்; திடீரென்று ‘காயம்’ வந்துவிடும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரமே பெற்ற ஆய்வகம் அது. மாத்திரையை நிறுத்திய நாள் முதல் போட்டி நாள் வரையிலான இடைவெளிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. உடலே சுரக்கிற பொருள் என்பதால் எது ஊசியில் வந்தது என்று பிரித்துச் சொல்லும் முறை 1980-களின் தொடக்கம்வரை நடைமுறைக்கு வரவில்லை. கண்டுபிடிக்க வேண்டிய கருவியே ஒளித்து வைக்கும் கருவியானது இப்படித்தான்.

அவர்களைக் காட்டிக்கொடுத்தது அவர்களுடைய சொந்தக் குமாஸ்தாத்தனம். பிரிகிட்டே பெரன்டோங்க் 1958-ல் பெற்றோருடன் கிழக்கிலிருந்து தப்பி வந்து, மேற்கு ஜெர்மனிக்காக ஒலிம்பிக்கில் வட்டெறிந்தவர். 1969-லேயே இந்த மருந்துப் பழக்கம் பற்றிப் பத்திரிகையில் எழுதியவர். அவர் குற்றம்சாட்டியது கிழக்கை மட்டுமல்ல. பெர்லின் சுவர் இடிந்தபின் அவரும், உயிரியல் அறிஞரான அவர் கணவர் வெர்னர் ஃப்ராங்கேயும், பாட் சாரோ ராணுவ மருத்துவமனையில் இருந்த ரகசிய ஆய்வேடுகளைக் கைப்பற்றினார்கள். யாருக்கு, எந்த ஆண்டு, எத்தனை மில்லிகிராம், அதனால் எத்தனை சென்டிமீட்டர் கூடியது என்பதெல்லாம் அதில் இருந்தது. 1991-ல் புத்தகமாக வந்தது. மருத்துவப் பொறுப்பாளர் மன்ஃப்ரெட் ஹோப்னர் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசிக்கு உளவாளியாக எழுதித் தந்த அறிக்கைகளும் வெளியே வந்தன; அங்கே அவருக்குப் புனைபெயர் ‘டெக்னிக்’.

2000 ஜூலையில் பெர்லின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விளையாட்டுத் துறையின் சர்வாதிகாரியாக இருந்த மன்ஃப்ரெட் ஏவால்டுக்கு 22 மாதம், ஹோப்னருக்கு 18 மாதம். இரண்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறியவர்களில் ஒருவர் ஆந்திரியாஸ் க்ரீகர். 1986-ல் ஹைடி க்ரீகர் என்ற பெயரில் பெண்கள் குண்டெறிதலில் ஐரோப்பியத் தங்கம் வென்று, பின்னாளில் ஆணாக மாறியவர். அந்த ஒரே ஆண்டில் அவர் உடலுக்குள் போன ஸ்டீராய்டு ஏறத்தாழ 2,600 மில்லிகிராம் என்கின்றன ஆவணங்கள். தான் ஆணா பெண்ணா என்ற குழப்பம் முன்பே தனக்கு இருந்தது உண்மை. ஆனால் அதை நிதானமாகத் தானே தீர்மானிக்கும் வாய்ப்பை மருந்து பிடுங்கிக்கொண்டது என்பது அவர் வாதம். அரசு தந்த இழப்பீடு தலைக்குச் சுமார் 10,400 யூரோ.

பதக்கங்கள்? 1998-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் பட்டியலைத் திருத்தக் கேட்டன. ஒலிம்பிக் கமிட்டி மறுத்துவிட்டது. என்னைக் கேட்டால், அந்த மறுப்பில் சோம்பேறித்தனம் பாதி, தர்மசங்கடம் பாதி. ஓடையும் கேமராவும் தந்த விநாடி எத்தனை, மாத்திரை தந்த விநாடி எத்தனை என்று இனி எவராலும் பிரிக்க முடியாது. ஆனால் அதற்காகப் பாபஷாஃபின் கையில் இன்றும் வெள்ளியே இருப்பது நியாயமாகிவிடாது. அந்தப் பெண்களைக் குற்றவாளி என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை.

பாபஷாஃப் சொன்னது சரியாகப் போனதில் இன்னொரு கெடுதலும் விளைந்தது. 2012 லண்டனில் பதினாறு வயது சீனப் பெண் யே ஷிவென் 400 மீட்டர் மெட்லியின் கடைசி 50 மீட்டரை 28.93 விநாடியில் நீந்தினார். ஆண்கள் போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்கர் ரயன் லாக்டியைவிடச் சற்று வேகம். உடனே ஓர் அமெரிக்கப் பயிற்சியாளர் கிழக்கு ஜெர்மனியை இழுத்தார். லாக்டியின் மொத்த நேரம் யேயைவிட இருபது விநாடிக்கும் மேல் குறைவு என்பது சத்தத்தில் எடுபடவில்லை. யேயின் சோதனைகளில் எதுவும் கிடைக்கவில்லை. இன்றுவரை அவருக்கு எதிராக ஒரு காகிதம்கூட வெளிவந்ததில்லை. சோதனையில் தேறியது எதையும் நிரூபிக்காது என்று கிரைஷா நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த வாதத்தை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், சுத்தமாக இருக்கிற ஒரு பெண் தன்னை நிரூபிக்க வழியே கிடையாது. அதுவும் சந்தேகம் எப்போதும் எதிரி நாட்டை நோக்கியே கிளம்புகிறது. மேற்கு ஜெர்மனியில் அரசுப் பணத்தில் நடந்த ஊக்கமருந்து ஆராய்ச்சியை ஜெர்மன் ஆய்வாளர்களே 2013-ல் அறிக்கையாக வெளியிட்டார்கள்; அதைப் பற்றி உலகம் பேசியது சொற்பம்.

கிரைஷா பாணி கிழக்கு ஜெர்மனியோடு முடிந்துவிடவும் இல்லை. 2014 சோச்சியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, ஆய்வகத்தின் சுவரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. ராத்திரியில் அதன் வழியாகக் குப்பிகள் போய்வந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)