தானாக முளைக்கும் கத்தரியினச் செடிகள்

மழை பெய்து ஓய்ந்தபின் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பிரதேசங்களில் ரயில் பாதை ஓரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் கத்தரியினத்தைச் சேர்ந்த செடிகள் பல தாமாகவே முளைக்கின்றன. இவற்றுள் உண்ணத்தக்கவையும் விஷமுள்ளவையும் அருகருகே நிற்பதுண்டு. ஆகவே கீரைக்குப் பறிக்குமுன் செடியையும் அது நின்ற நிலத்தையும் அறிதல் அவசியம்.

முள்ளுள்ளவற்றை அறிவதில் சிரமமில்லை. தரையோடு படர்ந்து நேரான மஞ்சள் முட்களும் ஊதாப் பூவும் உடையது கண்டங்கத்தரி. வளைந்த முட்களால் வேலியைப் பற்றி ஏறுவது தூதுவளை. ஆளுயரப் புதராய் வெள்ளைப் பூக் கொத்துடன் நிற்பது சுண்டை.

மயக்கம் நேர்வது மணத்தக்காளிக்கும் ஊமத்தைக்குமே; அதுவும் பூக்குமுன் இளஞ்செடியாயிருக்கும்போது. மணத்தக்காளித் தண்டு மெல்லியது. அதன் சிறு வெள்ளைப் பூக்கள் கொத்தாய்த் தொங்கும். மணி போன்ற பழம் கறுக்கும். ஊமத்தைத் தண்டு பருத்தது. இலையின் அடிப்பாகம் இருபுறமும் சமமாயிராது. கசக்கினால் துர்நாற்றம் வீசும். பூ நீண்ட குழல் வடிவினது, காய் முள்ளுருண்டை. மணத்தக்காளியின் பச்சைக் காயிலும் ஸொலனின் என்னும் விஷச்சத்து இருத்தலால் குழந்தைகள் அதைப் பறித்துத் தின்ன விடலாகாது. மேனாட்டு நூல்களில் பெரிதும் அஞ்சப்படும் பெல்லடோனாச் செடியோ குளிர்ப் பிரதேசத்தது. நம் கடற்கரையில் அதைத் தேடிப் பயப்பட வேண்டுவதில்லை.

செடி நல்லதாயினும் நிலம் கெட்டதாயின் பயனில்லை. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை நிலையம் 1994-ல் தொடங்கியது. நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் அங்கே பரவிற்று. மணத்தக்காளியினம் காட்மியம் என்னும் நச்சு உலோகத்தை மண்ணிலிருந்து மிகுதியாக உறிஞ்சி இலையில் சேர்ப்பது சீன தேசத்துப் பரிசோதனைகளில் தெரிந்த விஷயம். அலம்பினால் மேற்பூச்சான தூசி போகுமேயன்றி உள்ளே ஏறியது போகாது, வேகவைத்தாலும் அழியாது. இக்காரணத்தால் சாம்பல் மேடு, ஆலைச் சாக்கடை, ரயில் ஓரம் ஆகியவற்றில் பறித்த கீரையை, அது எவ்வளவு செழிப்பாயிருப்பினும், உண்ணாமலும் விற்காமலும் இருத்தல் வேண்டும். கிராம அதிகாரிகள் அத்தகைய புறம்போக்குகளில் பறிப்போருக்கு இதனை எடுத்துரைக்கலாம். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் குடியானவர்கள் நன்செய் வரப்பிலோ கிணற்றடியிலோ ஒரு பாத்தி மணத்தக்காளி விதைத்தால் வீட்டுக்கு வேண்டிய கீரை கிடைக்கும்.

கத்தரித் தோட்டத்தருகே ஊமத்தையை நிற்க விடுவது நஷ்டம். கத்தரியைத் தாக்கும் சிற்றிலை நோய் அதில் தங்கித் தத்துப்பூச்சி மூலம் பயிருக்குப் பரவும். கையில் உறையிட்டு, காய் முற்றுமுன் வேரோடு பிடுங்குக.

ஊமத்தை தின்றவருக்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, பிதற்றல் காணும். வீட்டு வைத்தியத்தில் காலந்தாழ்த்தாமல், தின்ற செடியின் ஒரு கிளையையும் உடன்கொண்டு, அரசினர் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள வேறு ஆஸ்பத்திரிக்கோ உடனே அழைத்துச் செல்லவேண்டும்.